பதினைந்து நாளுக்குள் ஒரு பெயர்

செப்டம்பர் 12

இன்று அத்தையிடம் நான் சொல்லாதது: சிநேகிதி ஹனானிடம் பிள்ளைக்குப் பெயர்ப் பட்டியல் ஒன்று கேட்டிருக்கிறேன் என்பது.

வெள்ளிக்கிழமை இவருக்கு மில் விடுமுறை. ராஜபாளையத்தில் மதியச் சாப்பாடு முடிந்ததும் அத்தை வீடியோவில் வந்துவிடுவார். வந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் வயிற்றைக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"எறங்கியிருக்கு. இந்தத் தடவ நேரத்துக்குத்தான் வரும்" என்றார். பிறகு, "தாயி, பேரு கீருன்னு இப்பயே ஒண்ணும் யோசிச்சுக்கிட்டு இருக்காத. பெறந்து முப்பது நாள் கழியட்டும். அதுவரைக்கும் பாப்பான்னு கூப்பிட்டா போதும்."

"சரி அத்தை" என்றேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இங்கே எகிப்தில் அதை முலுகியா என்று விற்கிறார்கள். கடைந்தால் கொழகொழப்பாக வரும். பருப்புப் போட்டால் நம்மூர்க் கூட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடும், உள்ளே வராது.

அத்தை "இந்தத் தடவ" என்று சொன்னபோது இவர் கை ஒரு நொடி நின்றது. போன வருடம் மார்ச்சில் எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். ஏழாம் மாதத்தில் வந்தாள். இரண்டு நாள் இருந்தாள். இந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நானும் இந்த நோட்டில் இதுவரை எழுதியதில்லை.

செப்டம்பர் 15

ஹனான் எங்கள் கட்டடத்தின் தரைத் தளத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். இங்கே மருந்துக்கடைக்காரர்களையும் டாக்டர் என்றுதான் கூப்பிடவேண்டும். இந்த ஊரில், அதாவது அலெக்ஸாந்திரியாவில், எனக்கு இருக்கும் ஒரே சிநேகிதி. என்னைவிட ஆறு வயது மூத்தவள், இரட்டைப் பெண்களுக்குத் தாய். நாங்கள் பேசிக்கொள்வது ஆங்கிலமும் அரபியும் கலந்த ஒன்று. எழுதும்போது அவளைத் தமிழில் பேசவைப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

பட்டியலை மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதியிருந்தாள். அரபி எழுத்துகளை எனக்குக் கற்றுத்தருவதும் அவள்தான் என்பதால், அரபியில் மட்டுமே எழுதி, அர்த்தத்தைத் தனியாகச் சொன்னாள்.

நூர், ஒளி. நதா, பனித்துளி. ஜனா, மரத்திலிருந்து பறித்த பழம். மலக், தேவதை. "மலக் வேண்டவே வேண்டாம். என் பிள்ளைங்க வகுப்புல நாலு தேவதை. டீச்சர் கூப்பிட்டா நாலும் எந்திரிக்குதுங்க."

"பழைய பேரு ஏதாவது? பிரமிடு காலத்துப் பேரு?"

"நெஃபெர்தாரி வைக்கிறியா? அழகிகளுக்கெல்லாம் அழகி. மூக்கு மட்டும் சப்பையா பெறந்துச்சுன்னா பள்ளிக்கூடத்துல கிழிச்சிருவாங்க." பிறகு யோசித்து, "சௌசன். எங்க பெரியம்மா தலைமுறைப் பேரு. இப்ப யாரும் வைக்கிறதில்ல" என்றாள்.

சௌசனைப் பற்றி வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். பழைய எகிப்திய மொழியில் நீரில் பூக்கும் ஒரு பூவின் பெயராக இருந்து, பல மொழி கடந்து, பூவையும் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. கல்லறைச் சுவர்களில் பெண்கள் மூக்கருகே பிடித்திருக்கும் பூ. எல்லோரும் தாமரை என்கிறார்கள். படத்தைப் பார்த்தால் ஆம்பல்.

கடையை விட்டுக் கிளம்பும்போது ஹனான் சொன்னாள்: "சீக்கிரம் முடிவு பண்ணு. பெறந்து பதினஞ்சு நாளுக்குள்ள பதியணும். முப்பது நாள் கதையெல்லாம் உங்க மாமியாரோட வச்சுக்கோ. இங்க பேரு இல்லாம சர்டிபிகேட் தரமாட்டான்."

செப்டம்பர் 21

லிஃப்ட் பழுது. நான்கு மாடி ஏறினேன். மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்திருந்தது.

செப்டம்பர் 24

சாயங்காலம் ஹனான் மேலே வந்திருந்தபோது இவரும் வந்துவிட்டார். நூற்பாலையிலிருந்து வருகிறவரின் புருவத்தில் எப்போதும் கொஞ்சம் பஞ்சு இருக்கும். மில்லில் இவரை மிஸ்டர் முத்து என்பார்கள். ஹனானும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். இன்றைக்கு அவள் மேசைமேல் இருந்த குடியிருப்பு அட்டையைப் பார்த்துவிட்டாள்.

"முழுப் பேரு இவ்வளவு நீளமா? முன்னாடி என்னவோ இருக்கே."

இவர் என்னைப் பார்த்தார். சொல்லாதே என்ற பார்வை. நான் சொல்லிவிட்டேன். பிச்சைமுத்து. அத்தைக்கு முதலில் பிறந்த தர்மராஜ் நாலு வயதில் காய்ச்சலில் போனான். அடுத்தது பெண். பதினோராம் நாளில் போய்விட்டது, பெயர்கூட வைக்கவில்லை. மூன்றாவதாக இவர். பிறந்ததும் குப்பையில் ஒரு புரட்டுப் புரட்டி, பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்து, அவளிடமிருந்து தவிட்டுக்குத் திரும்ப வாங்கி, பிச்சை என்று பெயர் வைத்தார்கள். கேவலமான பெயர் என்றால் எமனுக்கும் கண்ணேறுக்கும் பிடிக்காது.

ஹனான் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "ஷஹாத்தா!" என்றாள். "எங்க அப்பாவோட அப்பா பேரு ஷஹாத்தா. பிச்சைக்காரன்னு அர்த்தம். அவருக்கு முன்னாடி மூணு போயிருச்சு. அவங்கம்மா ஏழு வீட்டுல துணி பிச்சை வாங்கி அவருக்குச் சட்டை தச்சாளாம். தொண்ணூத்தி ஒரு வயசு வரைக்கும் இருந்தார். எல்லாரையும் திட்டிக்கிட்டே இருந்தார்."

"பாத்தீங்களா" என்றேன் இவரிடம்.

"ஆமா, ரெண்டு ஊர்லயும் பிச்சைக்காரன். பெருமைதான்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். ஆனால் சிரித்துக்கொண்டுதான் போனார்.

செப்டம்பர் 30

இன்று சீட்டில் இருந்த பெயர்களையெல்லாம் தடுமாறாமல் வாசித்தேன். ஹனான் கை தட்டினாள். கடையில் ஆள் இல்லை. பேச்சு எப்படியோ அவள் தம்பியின் முதல் குழந்தைக்குப் போயிற்று.

"மூணு மணி நேரம்தான் இருந்தான். அதுக்கும் பேரு வைக்கணும்னுட்டாங்க. மொதல்ல பிறப்புப் பதியணும், அப்பத்தான் இறப்பு. ரெண்டுக்கும் பேரு வேணும். என் தம்பி ஆபீஸ் ஜன்னல் முன்னாடி நின்னுக்கிட்டு ஒரு பேரும் தோணாம அழுதான். கடைசில நான்தான் ஒரு பேரு சொன்னேன்."

அவள் இன்னும் ஏதோ சொன்னாள். நான் வைட்டமின் மாத்திரையை வாங்கிக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

மூன்று மணி நேரம் இருந்தவனுக்குப் பெயர் வேண்டும் என்றால், இரண்டு நாள் இருந்தவளுக்கும் வேண்டியிருந்திருக்கும். நான் அப்போது மருத்துவமனையில் கிடந்தேன். இவர்தான் எல்லா அலுவலகத்துக்கும் போனார். வெளிநாட்டவருக்கான இடுகாட்டில் இடம் வாங்கினார். திரும்பி வந்து, "எல்லாம் முடிஞ்சிருச்சு செண்பகம், நீ படு" என்றார்.

அவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது. ஒன்றரை வருடமாக இருக்கிறது.

அக்டோபர் 1

கேட்கவில்லை. அவர் வீட்டில்தான் இருந்தார். துணி மடித்தோம்.

அக்டோபர் 6

பழைய எகிப்தியர்கள் பெயரை உயிரின் ஒரு பாகமாக வைத்திருந்தார்கள் என்று படித்தேன். உடம்பு, நிழல், இதயம், இவற்றோடு பெயரும் ஒன்று. செத்தவரின் பெயரை யாராவது ஒருவர் உச்சரிக்கும்வரை அவர் இருக்கிறார். எதிரியை ஒழிக்க வேண்டுமானால் கல்லில் பெயரைச் சுரண்டுவார்கள். கல்லூரியில் வரலாறு படித்தபோது இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருக்கிறேன். ஐந்து மதிப்பெண்.

இரவுச் சாப்பாட்டின்போது இவர் மெதுவாக ஆரம்பித்தார். "தேன்மொழின்னு ஒண்ணு யோசிச்சேன். ஸ்கேன்ல பொண்ணுன்னுட்டாங்கல்ல. அம்மாகிட்ட சொல்லவேண்டாம். பதியறதுக்காவது வேணுமே."

"பிறகு பாக்கலாம்" என்றேன்.

"எத்தனை தடவ பிறகு, பிறகும்ப? உனக்கு ஒண்ணுமே தோணலையா?"

தோணவில்லை என்பது உண்மை. ஆனால் காரணம் அவர் நினைப்பது இல்லை. அக்காவின் பெயர் தெரியாமல் தங்கைக்கு எப்படிப் பெயர் யோசிப்பது? இதை வாயால் சொல்ல இரண்டு வாக்கியம் போதும். ரசம் ஆறிவிட்டது என்று எழுந்து போனேன்.

அக்டோபர் 11

மில்லிலிருந்து கூப்பிட்டார். "பீரோல மேல் தட்டுல நீலக் கவர் இருக்கும். அதுல கல்யாண சர்டிபிகேட் மொழிபெயர்ப்பு. எடுத்து வச்சிரு, ஆஸ்பத்திரில கேப்பாங்க."

சொல்லிவிட்டு ஃபோனை உடனே வைக்கவில்லை. "மெதுவா எடு. ஸ்டூல்ல ஏறாத" என்றார்.

கல்யாண சர்டிபிகேட்டுக்குப் பின்னால் இரண்டு தாள்கள். இரண்டிலும் கழுகு முத்திரை. முதலில் என் பெயரைக் கண்டுபிடித்தேன். செண்பகவல்லியை அரபியில் எழுதியவர் பாவம், நிறையக் கஷ்டப்பட்டிருக்கிறார். அதற்கு மேல் இவர் பெயர், பிச்சையோடு முழுதாக. அதற்கும் மேல் ஒரே ஒரு சொல். எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். லாம், வாவ், மறுபடி லாம், மறுபடி வாவ், கடைசியில் இரண்டு புள்ளி வைத்த சின்ன வட்டம்.

லுலுஆ.

இரண்டு தாளிலும் அதே பெயர். ஒன்றில் ஒரு தேதி, இன்னொன்றில் இரண்டு நாள் தள்ளி. தரையில் உட்கார்ந்து வாசித்தேன், பிறகு எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று. இந்த வயிற்றோடு தரையில் உட்காரக்கூடாது.

நீலக் கவரில் அந்தத் தாள்கள் இருப்பதை அவர் மறந்திருக்க முடியாது. எனக்கு இப்போது எழுத்து தெரியும் என்பதையும்.

அக்டோபர் 12

ஒரு துண்டுச் சீட்டில் அந்தச் சொல்லை எழுதி ஹனானிடம் நீட்டினேன். "இதுக்கு என்ன அர்த்தம்?"

"உன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு. லுலுஆ. முத்து. சிப்பிக்குள்ள இருக்குமே." கண்ணாடிக்கு மேல் பார்த்தாள். "இது என் பட்டியல்ல இல்லையே. எங்க புடிச்ச?"

"ஒரு இடத்துல பாத்தேன்" என்றேன்.

வெளியே வந்து ட்ராம் நிறுத்தத்துச் சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்தேன். மூன்று ட்ராம்கள் போயின. அன்றைக்கு ஆபீஸ் ஜன்னலுக்கு அப்பால் இருந்தவர் பேனாவோடு காத்திருந்திருப்பார். இவருக்கும் ஒன்றும் தோன்றியிருக்காது. கையில் இருந்ததைக் கொடுத்திருக்கிறார், தன் பெயரில் பாதியை. பிச்சையை வைத்துக்கொண்டு முத்தை மட்டும். மொழிபெயர்க்க யாரையாவது பிடித்திருக்கவேண்டும்.

பிச்சை காவலுக்கு வைக்கும் பெயர். அவர் அங்கே நின்றபோது காவல் காக்க ஒன்றும் மீதி இல்லை.

அக்டோபர் 13

அவருக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்தேன். நிறையச் சாப்பிட்டார்.

அக்டோபர் 20

பதினெட்டாம் தேதி காலை ஏழே காலுக்குப் பெண் குழந்தை. மூன்று கிலோவுக்கு நூறு கிராம் குறைவு. அழுத குரல் தாழ்வாரம் வரை கேட்டது என்று ஹனான் சொன்னாள். இன்று வீட்டுக்கு வந்துவிட்டோம். இரண்டாம் நாள் முழுக்க இவர் நாற்காலியை விட்டு எழவே இல்லை. அந்த நாள் தாண்டியதும் கழிப்பறைக்குப் போய் வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டிருந்தார்.

பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம்.

அக்டோபர் 24

இன்று ஏழாம் நாள். இங்கே அதை சுபூஉ என்கிறார்கள். ஹனான் எங்களைக் கேட்கவில்லை, வந்துவிட்டாள். பெரிய சல்லடை, பித்தளை உரல், உப்பு, ஒரு பாக்கெட் மெழுகுவத்தி, பின்னால் இரட்டையர். அத்தையை ஃபோனில் கூப்பிட்டு அலமாரியில் சாய்த்து வைத்தோம்.

பாப்பாவைச் சல்லடையில் கிடத்தி லேசாக ஆட்டினாள். "சல்லடையா!" என்றார் அத்தை. பிறகு அவரே, "நம்ம சொளகுல போடுற மாதிரியா? சரி சரி, நல்லா ஆட்டச் சொல்லு" என்றார். ஹனான் பாப்பாவின் காதருகே உரலை டங்கென்று அடித்து, "அம்மா சொல்றதக் கேளு! அப்பா சொல்றதக் கேக்காத!" என்று கத்தினாள். நான் தமிழில் சொன்னதும் அத்தை, "இதச் சொல்லியா குடுக்கணும்? எங்க வீட்ல தானா நடக்குது" என்றார். இவர் தலையில் அடித்துக்கொண்டார்.

பிறகு மெழுகுவத்தி. ஆளுக்கு ஒன்று, ஆளுக்கு ஒரு பெயர். ஒரே நேரத்தில் ஏற்றவேண்டும். எது கடைசி வரை எரிகிறதோ அந்தப் பெயர் பிள்ளைக்கு. அதைப்போலவே அவளுக்கு ஆயுசும் நீளும். ஹனான் தாம்பாளத்தில் நான்கை ஒட்டினாள்.

"சௌசன்" என்றாள். வேண்டுமென்றே. பெரியம்மா சந்தோஷப்படுவாராம்.

"தேன்மொழி" என்றார் இவர்.

அத்தை உதட்டைப் பிதுக்கினார். "முப்பது நாள்னு சொன்னா கேக்கமாட்டீங்க. சட்டம்னு ஒண்ண வேற காட்டுறீங்க. சரி, எம்பங்குக்கும் ஒண்ணு வைக்கணும்னா, பிச்சையம்மான்னு வையுங்க."

"அம்மா!" என்றார் இவர்.

"என்னடா அம்மா? ஒனக்கு வச்சேன், நீ இருக்கல்ல? தேன்மொழி மான்மொழியெல்லாம் இருக்குமான்னு எனக்குத் தெரியாது. பிச்சை இருக்கும்."

ஹனான் என்னைப் பார்த்து, "உன்னோடது?" என்றாள்.

நான் யோசித்து வைத்திருக்கவில்லை. அது மட்டும்தான் வாயில் இருந்தது. "லுலுஆ" என்றேன்.

இவர் கையில் தீக்குச்சி எரிந்துகொண்டிருந்தது. மூன்று திரிகளை ஏற்றிவிட்டு நாலாவதற்கு முன்னால் அப்படியே நின்றார். குச்சி விரல்வரை வந்ததும் உதறினார்.

"அது யாரு பேரு?" என்றார் அத்தை. "என்ன பாஷை?"

"பாப்பாவோட அக்கா பேரும்மா" என்றார் இவர். அந்தக் குரலை நான் ஒன்றரை வருடமாகக் கேட்டதில்லை. "நான்தான் வச்சேன். ஆபீஸ்ல கேட்டாங்க. செண்பகத்துகிட்டகூடச் சொல்லல. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"போனதோட பேரையா இங்க வைக்கிறீங்க?" அத்தை திரைக்கு மிக அருகில் வந்துவிட்டார், நெற்றியும் கண்ணும் மட்டும் தெரிந்தன. "அது ஜெயிச்சுட்டா? ஏம்மா, உனக்குப் புத்தி இருக்கா? எடு அத."

அப்போதுதான் எனக்கு நான் செய்தது புரிந்தது. ஆயுசு கேட்கிற தாம்பாளத்தில் அவளைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன்.

இவர் குனிந்து அந்த நாலாவதை அடியோடு பெயர்த்தார். தூக்கிப் போட்டுவிடுவார் என்று நினைத்தேன். ஜன்னல் கட்டைக்குக் கொண்டுபோய், வேறு குச்சி கிழித்து ஏற்றி, மெழுகைச் சொட்டவிட்டு நிறுத்தினார். "இது போட்டியில இல்ல. இது அவளோடது. அது அங்க எரியட்டும்" என்றார். பிறகு என்னிடம், "இவளுக்கு நீ வேற சொல்லு" என்றார்.

ஹனானுக்கு நான் எதையும் மொழிபெயர்க்கவில்லை. அவள் அந்தத் துண்டுச் சீட்டை நினைத்துக்கொண்டிருக்கவேண்டும். மூக்கை உறிஞ்சிக்கொண்டு பாக்கெட்டிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து, மற்ற மூன்றின் உயரத்துக்கு நுனியை வெட்டி ஒட்டினாள். அவள் நியாயக்காரி.

"ஆம்பல்" என்றேன். ஒரு மாதமாக வராதது, ஒரு மூச்சில் வந்தது.

ஒரு மணி நேரம் ஆயிற்று. கடல்காற்று உள்ளே வந்து தேன்மொழியை முதலில் அணைத்தது. "ஒரே ஊதல்ல போச்சு" என்று இரட்டையரில் ஒருத்தி இவரைப் பார்த்துச் சிரித்தாள். சௌசன் உருகி ஒரு பக்கமாகச் சாய்ந்து தானே மூழ்கியது. மீதி இரண்டு. பிச்சையம்மா ஆம்பலைவிட ஒரு விரல் உயரமாக நின்றது. இவர் முகத்தில் கவலை. நான் பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபோன் நின்றுவிட்டதோ என்று இரண்டு முறை தொட்டுப் பார்த்தேன்.

"செண்பகம்."

"சொல்லுங்க அத்தை."

"அந்த ஜன்னல்ல இன்னொண்ணு வைக்க எடம் இருக்கா?"

"இருக்கு அத்தை."

"அப்ப என்னோடத எடுத்து அங்க வச்சிரு. பதினோரு நாள் இருந்தாளே, அவளுக்கு."

இவர்தான் எடுத்து வைத்தார். மெழுகு விரலில் கொட்டியது. "என்ன பேரும்மா சொல்லணும்?" என்றார்.

"ஒண்ணும் சொல்லவேண்டாம். எனக்குத் தெரியும்" என்றார் அத்தை. முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, உடனே, "என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? தாம்பாளத்துல ஒண்ணுதான இருக்கு? அதுதான் ஜெயிச்சது. புள்ளைக்கு ஏப்பம் எடுத்துவிடு" என்றார்.

அக்டோபர் 25

அறையெங்கும் ஹனான் தூவிய உப்பு. பெருக்கினேன். இவர் ஜன்னல் கட்டையில் உறைந்த மெழுகைச் சுரண்டவேண்டாம் என்றார்.

அக்டோபர் 29

பதிவு அலுவலகத்துக்கு நானும் போனேன். பன்னிரண்டாம் நாள். ஹனான் கடையைப் பூட்டிவிட்டு வந்தாள். கூட்டம். பாப்பா தூங்கினாள்.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண். பிள்ளையின் பெயர் கேட்டார். ஆம்பல் என்று இவர் சொன்னார். தகப்பன் பெயர். பிச்சைமுத்து என்று முழுதாகச் சொன்னார். தாயின் பெயர். கடைசியாக, தாய்க்கு இது எத்தனையாவது குழந்தை என்றார்.

இவர் என்னைப் பார்த்தார்.

"இரண்டாவது" என்று நான் அரபியில் சொன்னேன். அந்தப் பெண் எழுதிக்கொண்டார்.